தேயிலைத் தூரில் பிட்கொயின்: ஒரு போனால் எவ்வளவு தோண்ட முடியும்?

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், லயத்து வாசலில் நின்றபடி தம்பி ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு மண்வெட்டி மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே எட்டுத் தசம தானங்களோடு ஓர் எண் கண்ணெதிரே கூடிக்கொண்டு போனது.

"இது தோண்டுது அக்கா. சும்மா வச்சிருந்தாலே போதும். ஒரு நாளைக்கு ஒருக்கா இந்தப் பட்டன அமுக்கணும், அவ்வளவுதான்."

அவருக்கு 23 வயது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா வைத்திருந்தாலே போதும் என்றவர், 'வேகத்தைக் கூட்டும்' பெக்கேஜ் ஒன்றுக்கு 65,000 ரூபா கட்டியிருந்தார். அது அவருடைய அம்மாவின் தோட்டை ஹட்டனில் அடகு வைத்து எடுத்த காசு. லிங்க்கை அனுப்பியது கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மா மகன். 1977 கலவரத்தோடு மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அது. யுத்தத்தில் இருந்ததையெல்லாம் இழந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, மீண்டும் ஒரு கூரை போட்டுக்கொண்டவர்கள். அந்த அண்ணனும் யாரையும் ஏமாற்ற நினைத்தவரில்லை. அவருக்கு வைபரில் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

நான் ஊடகக் கற்கை படித்தவள். கணினி பொறியியல் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆனால் அன்று அந்தத் தம்பியிடம் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கே ஒழுங்கான பதில் தெரியவில்லை: "ஒன் போன்ல இருக்கிற புரோசசரால இதத் தோண்ட முடியுமா?" அந்த விடையைத் தேடிச் சில வாரங்கள் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். படிக்கப் படிக்க, இந்த மோசடிகளுக்கு எதிராக நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் சட்டத்தை விட இந்தத் தொழில்நுட்ப விளக்கம்தான் என்று தோன்றியது.

'தோண்டுதல்' என்ற சொல்லிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. தோண்டி எடுக்க அங்கே எதுவும் புதைந்திருக்கவில்லை. பிட்கொயின் என்பது உலகமெங்கும் உள்ள கணினிகளில் பிரதி வைத்திருக்கும் ஒரு கணக்கேடு. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்குத்தான் போட்டி. பக்கத்தின் தலைப்பு வெறும் 80 பைட். அதிலுள்ள ஒரு சிறிய எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, ஷா-256 என்ற கணக்கை இரண்டு தரம் ஓட்டி, வரும் விடை குறித்த ஓர் எல்லைக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லையா, அடுத்த எண். அதுவும் இல்லையா, அதற்கடுத்த எண். மூளையைப் பயன்படுத்தி விடையை முன்கூட்டியே ஊகிக்க வழியில்லை. யார் அதிக தரம் போட்டுப் பார்க்கிறார்களோ அவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

தோண்டுபவர்கள் கூடினால் பக்கங்கள் வேகமாகச் சேர்ந்துவிடும் அல்லவா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், அந்த எல்லை தானாகவே மாறிக்கொள்ளும். எங்களூரில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். எல்லோரும் சேர்ந்து கூடுதலாகக் கொழுந்து பறித்தால் தோட்டம் 'நோமை' உயர்த்திவிடும். அதே கதைதான். ஆனால் தோட்டத்தில் நோம் எட்டாதவருக்கு அரைப்பேராவது விழும். இங்கே தனியாளாகத் தோண்டித் தோற்றவருக்கு ஒரு சதமும் இல்லை. அதனால்தான் பெரிய ஆட்கள்கூட 'பூல்' என்று கூட்டாகச் சேர்ந்து, செய்த வேலைக்கேற்பப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

சரி, இந்த வேலைக்கு எந்தப் புரோசசர் நல்லது?

கணினியின் பிரதான புரோசசரைத் தோட்டத்து ஒபிஸில் இருக்கும் பெரிய கிளாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்ரோல் எழுதுவார், சம்பளம் போடுவார், துரைக்கு வரும் கடிதத்துக்குப் பதில் அடிப்பார், லீவு கேட்டு வருபவரை விசாரிப்பார். எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்வார். ஒரு வேலையின் நடுவே இன்னொன்று வந்தாலும் தடுமாற மாட்டார். அவரைக் கொண்டுபோய் மலையில் நிறுத்திக் கொழுந்து பறிக்கச் சொன்னால் என்னவாகும்? அவருடைய திறமையில் பெரும்பங்கு வீண். ஷா-256 கணக்குக்கு வேண்டியதெல்லாம் 32 பிட் எண்களைக் கூட்டுவது, சுழற்றுவது, ஒப்பிட்டுக் கலப்பது ஆகிய சில சில்லறை வேலைகள்தான். அவற்றை 64 சுற்று ஓட்ட வேண்டும். நினைவகம் ஏறக்குறைய வேண்டாம். 'இப்படியானால் இதைச் செய், அப்படியானால் அதைச் செய்' என்ற முடிவெடுக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஒரு சாதாரண புரோசசரின் சிலிக்கன் பரப்பில் பெரும்பகுதி அந்த முடிவெடுக்கும் வேலைக்கும் நினைவகத்துக்கும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரமும் அங்கேதான் போகிறது.

2009 ஜனவரி 3ஆம் திகதி சத்தோஷி நாகமோட்டோ என்ற புனைபெயருக்குள் இருந்தவர் முதல் பக்கத்தைத் தோண்டியபோது சாதாரண புரோசசரே போதுமாக இருந்தது. போட்டிக்கு ஆளில்லை. 2010இலேயே சிலர் கிராபிக்ஸ் கார்டுக்கு மாறிவிட்டார்கள். வீடியோ கேமுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கார்டில் ஆயிரக்கணக்கான சிறிய கணக்குப் பிரிவுகள் இருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாமானியம். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும். நிரை பிடித்து மலை முழுக்க நிற்கும் பெண்களைப் போல. ஒரு கிளாக்கரால் அவர்களோடு போட்டி போட முடியாது.

2013 ஜனவரியில் சீனாவிலிருந்து 'அவலோன்' என்ற இயந்திரம் வெளிவந்ததோடு கிராபிக்ஸ் கார்டின் காலமும் பிட்கொயினில் முடியத் தொடங்கியது. அது ஏசிக் எனப்படும் வகை. ஷா-256ஐ மட்டுமே செய்யத் தெரிந்த சிப். அதில் ஒரு கடிதம் அடிக்க முடியாது, படம் பார்க்க முடியாது. பெக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் மாதிரி. கொழுந்தை உருட்டுவதைத் தவிர ரோலருக்கு வேறென்ன தெரியும்? ஆனால் அந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச மனிதக் கையால் ஆகாது.

2016இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 இயந்திரம் விநாடிக்குச் சுமார் 14 டெராஹாஷ், அதாவது 14 இலட்சம் கோடி தரம், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. அதற்கு 1,370 வோட்ஸ் அளவு மின்சாரம் குடித்தது. அதே நிறுவனத்தின் எஸ்21 விநாடிக்கு 200 டெராஹாஷ், 3,500 வோட்ஸ். வேகம் பதினான்கு மடங்கு கூடியிருக்கிறது, மின்சாரம் மூன்று மடங்குகூடக் கூடவில்லை. இந்தத் தொழிலில் புரோசசரின் தரத்தை அளக்கும் அளவுகோல் இதுதான். கோடியில் எத்தனை கணக்கு என்பது இரண்டாம் பட்சம். ஒவ்வொரு கணக்குக்கும் எவ்வளவு மின்சாரம் என்பதே முதல் கேள்வி. சிப்பின் உள்ளே உள்ள கோடுகள் மெலிய மெலிய அந்தச் செலவு குறைகிறது. எஸ்9இன் சிப் 16 நனோமீற்றர். இன்றைக்கு 5 நனோமீற்றரும் அதற்குக் கீழும் போய்விட்டார்கள். நேற்று ராஜாவாக இருந்த இயந்திரம் மறுவருடம் பழைய இரும்பு.

எல்லா நாணயமும் பிட்கொயின் போல இல்லை. எதீரியம் வேண்டுமென்றே வேறு மாதிரியான கணக்கொன்றைத் தேர்ந்தெடுத்தது. பல ஜிகாபைட் அளவுள்ள ஒரு தரவுக் குவியலைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அங்கே கணக்குப் போடும் வேகத்தை விட நினைவகத்திலிருந்து எடுக்கும் வேகம் முக்கியம். கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அது கைவந்த கலை. 2021இல் உலகம் முழுக்கக் கேம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கார்ட் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. அன்றோடு அந்தக் கார்டுகளுக்குப் பிரதான வேலை போய்விட்டது.

சாதாரண புரோசசருக்கு இன்னும் மரியாதை இருக்கும் இடம் மொனேரோ. 2019 நவம்பர் முதல் அது 'ரேண்டம்எக்ஸ்' என்ற முறையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு தரமும் எழுந்தமானமாக ஒரு சிறு நிரலை உருவாக்கி அதை ஓட்டச் சொல்லும். அடுத்து என்ன வேலை வரும் என்று தெரியாது. அப்படியான இடத்தில் ரோலர் எதற்கு உதவும்? மீண்டும் கிளாக்கர்தான் தேவை. அங்கே எந்தப் புரோசசர் நல்லது என்பதை அதன் உள்நினைவகமே தீர்மானிக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 2 மெகாபைட் எல்3 கேஷ் வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 9 3950எக்ஸில் 64 மெகாபைட் இருக்கிறது. 32 வேலைகளை ஒன்றாக ஓட்டலாம், கணக்குச் சரியாக வருகிறது. நம் கையிலுள்ள பெரும்பாலான போன்களில் மொத்தமே சில மெகாபைட்தான்.

சாதாரணக் கணினியில் தோண்டலாம் என்பதாலேயே மொனேரோவுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. மற்றவர்களின் கணினிக்குள் களவாகப் புகுந்து, அவர்களுடைய மின்சாரத்தில் தோண்டும் வைரஸ்கள் பெரும்பாலும் அதையே தோண்டுகின்றன. 2017 டிசெம்பரில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் 'லோவாப்பி' என்ற அன்ட்ரொயிட் வைரஸைச் சோதித்தது. போன் உண்மையிலேயே தோண்டியது. இரண்டே நாளில் பேட்டரி உப்பி, போனின் மூடி வளைந்துவிட்டது.

இதைப் படித்த பிறகுதான் நோர்வூட் தம்பியின் போன் நினைவுக்கு வந்தது. அன்று அதை என் கையில் வாங்கியபோது குளிர்ந்துபோய் இருந்தது. மறுபடி அழைத்துக் கேட்டேன்: "ராத்திரி முழுக்க அது தோண்டுதே, பேட்டரி எவ்வளவு எறங்குது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எறங்கவே எறங்காது அக்கா. அதுதானே அதில விசேஷம்."

சூடேறாத, பேட்டரி இறங்காத போன் எதையும் தோண்டவில்லை. திரையில் ஆடும் மண்வெட்டி ஒரு படம். கூடும் எண், யாரோ எழுதிவைத்தபடி கூடும் ஓர் எண். அப்பிள் 2018 ஜூனிலும் கூகுள் 2018 ஜூலையிலும் போனுக்குள்ளேயே தோண்டும் அப்களுக்குத் தடை போட்டுவிட்டன. 2019இல் தொடங்கிய, நம் ஆட்கள் பலரும் வைத்திருக்கும் பை நெட்வேர்க்கூடப் போனின் புரோசசரால் இப்படிக் கணக்குப் போடுவதில்லை என்று தானே சொல்கிறது. நோர்வூட் தம்பியின் அப் ப்ளே ஸ்டோரிலிருந்து வந்ததுமில்லை. வட்ஸ்அப்பில் வந்த ஒரு கோப்பு.

ஒரு வாதத்துக்காக அது உண்மையிலேயே பிட்கொயின் தோண்டியது என்று வைத்துக்கொள்வோம். போன் விநாடிக்குப் பத்துக் கோடி தரம் அந்தக் கணக்கைப் போடுகிறது என்று தாராளமாகவே எடுப்போம். ஒரு எஸ்21 இயந்திரத்துக்கு ஈடாக 20 இலட்சம் போன்கள் வேண்டும். 2024 டிசெம்பரில் பிட்கொயின் முதல் தடவையாக ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியபோது, உலகம் முழுவதும் தோண்டும் வேகம் சுமார் 750 எக்சாஹாஷ். அதாவது எஸ்21 போன்ற 37 இலட்சம் இயந்திரங்கள். 2025இல் அது ஆயிரத்தையும் தாண்டியது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு நாளொன்றுக்குப் புதிதாகப் பிறப்பது ஏறக்குறைய 450 பிட்கொயின்தான். அதில் இந்தப் போனுக்குச் சேரும் பங்கைக் கணக்குப் பார்த்தேன். பிட்கொயினின் ஆகச் சிறிய அலகான ஒரு சத்தோஷியைச் சேர்க்க ஐந்தரை மாதம் ஆகும். டொலர் 300 ரூபா என்றால் ஒரு சத்தோஷியின் பெறுமதி 30 சதம். இரவு பகலாக ஐந்தரை மாதம், 30 சதம். இதற்குத்தான் தோடு போயிருக்கிறது.

அப் நடத்துபவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 'போன் வெறும் ரிமோட். நிஜ மெஷின் வெளிநாட்டில் தோண்டுகிறது. நீங்கள் கட்டும் காசு அந்த மெஷினில் ஒரு பங்கு.' இதற்குக் 'கிளவுட் மைனிங்' என்று பெயர். எஸ்தோனியாவிலிருந்து இயங்கிய ஹாஷ்ஃப்ளேர் என்ற நிறுவனம் 2015 முதல் 2019 வரை இப்படித்தான் 57 கோடி டொலருக்கு மேல் ஒப்பந்தங்களை விற்றது. விற்ற அளவுக்குத் தோண்டும் இயந்திரங்கள் அதனிடம் இருக்கவே இல்லை. அதை நடத்திய இருவரும் 2025 பெப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களும் திரையில் எண் கூடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜமான ஒரு இயந்திரத்தை ஹட்டனில் வைத்தால் என்ன? இதையும் தம்பி கேட்டார். எஸ்21 ஒன்று நாளொன்றுக்கு 84 யூனிட் எடுக்கும். எங்கள் வீட்டில் மாதம் முழுக்கவும் அவ்வளவு வராது. யூனிட் 30 ரூபா என்று வைத்தாலும் ஒரு நாள் மின்சாரத்துக்கே 2,520 ரூபா. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மேலே சொன்ன விலைக்கும் வேகத்துக்கும் அந்த இயந்திரம் நாளைக்கு 3,600 ரூபா அளவு தோண்டும். மிஞ்சும் ஆயிரத்துச் சொச்சத்தில் இயந்திரத்தின் விலையையும் ஈடுகட்ட வேண்டும். உலகத்தின் வேகம் கூடக் கூட அந்த மிச்சமும் கரையும். லயத்துக்கு வரும் வயர் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கதை.

மின்சாரம் மலிவான இடத்துக்கே இந்த இயந்திரங்கள் போகும். 2021இல் தடை வரும்வரை சீனாவின் சிச்சுவான் மாகாண நீர்மின் நிலையங்களைச் சுற்றி அவை குவிந்திருந்தன. பூட்டான் அரசே தன் நீர்மின்சாரத்தில் பிட்கொயின் தோண்டுவது 2023இல் வெளியே தெரியவந்தது. நம் நாட்டிலும் அந்த ஆசை வந்ததுண்டு. 2021 ஒக்டோபரில், அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவின் யோசனைப்படி, கிரிப்டோ தோண்டும் நிறுவனங்களின் முதலீட்டைக் கொண்டுவருவது பற்றி ஆராய ஒரு குழுவை அமைக்க அமைச்சரவை அனுமதித்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2022 மார்ச் முடிவில் நாடு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தது. குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இந்த மலையிலும் இருந்தார்கள், வன்னியிலும் இருந்தார்கள்.

நீர்மின்சாரம் என்றதும் எனக்கு மவுஸாக்கலை நினைவுக்கு வருகிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கு அடியில் இருக்கிறது. வரட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது, மேல் கொத்மலை 2012இல். ஊரையெல்லாம் வெளிச்சமாக்கிய தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் போனது. பல லயங்களுக்கு மின்சாரம் வந்தது மிகப் பிந்தி.

எங்கள் முன்னோரை இங்கே கூட்டிவந்த கதையும் தோண்டுகிற கதைதான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்க வந்தவர்கள் சொன்னார்களாம். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அன்று ஆள்கட்டிய கங்காணியும் பெரும்பாலும் சொந்தக்காரர்தான், ஊர்க்காரர்தான். இன்றைய அப்பும் அதே வழியில்தான் வருகிறது. அந்நியர் அனுப்பினால் திறக்க மாட்டோம், பெரியம்மா மகன் அனுப்பினால் திறப்போம். யுத்தமும் இடப்பெயர்வும் நம் குடும்பங்களைக் கிளிநொச்சி, ஹட்டன், ரொறொன்ரோ என்று சிதறடித்தபின் உறவைக் கட்டிவைத்திருப்பது இந்த வட்ஸ்அப் குழுக்கள்தான். மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயத் திட்டங்களுக்கோ தோண்டும் நடவடிக்கைகளுக்கோ எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலேயே அறிவித்தது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி பிரமிட் திட்டம் தொடங்குவதும் நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2023இல் மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டு வெளியிட்ட தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் ஸ்போர்ட் செயின், ஒன்மெக்ஸ் டி.ரி, எம்.ரி.எப்.ஈ ஆகியவை இருந்தன. மூன்றிலும் சிக்கியவர்கள் நம்மிடையே உண்டு. பட்டியலில் பெயர் இல்லாததால் ஓர் அப் நல்லதாகிவிடாது, நேற்றுப் பிறந்த அப்பின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்கப் போவதில்லை. இன்னொன்று: ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று நம்பி லிங்க்கைப் பரப்புகிற அண்ணன், தன் காசை இழப்பதோடு சட்டத்தின் முன்னும் மாட்டிக்கொள்ளலாம்.

தம்பி பணத்தை எடுக்க முயன்றிருக்கிறார். எடுப்பதற்கு முன் 'வெரிபிகேஷன்' கட்டணமாக இன்னும் 18,000 ரூபா கட்டச் சொல்லியிருக்கிறது அப். அதைக் கட்டாமல் நிறுத்தச் சொன்னேன். ஸ்கிரீன் ஷொட்டுகளையும் காசு போட்ட வங்கி ரசீதையும் பத்திரப்படுத்தி, பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொடுக்க உதவினேன். காசு திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அம்மா இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அடகுத் துண்டு தவணை வர்ற மாசி மாசம் முடியுது. வட்டிய மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாமா புள்ள?" வைக்கலாம் என்றேன். அன்றிரவே தம்பி கிளிநொச்சிக்கு அழைத்தார். பெரியம்மா மகன் கட்டியிருந்தது ஒன்றரை இலட்சம். அதுவும் கடன் வாங்கிய காசு. அவர் போனும் சூடாவதில்லையாம்.